ஆணி அடிக்கக் கூடாத சுவர்

காட்சிக்கூடத்திலிருந்து அக்டோபர் ஆறாம் தேதியிட்டு வந்த கடிதத்தில் நான்கு நிபந்தனைகள் இருந்தன. ஓவியங்களைப் புதன்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் புதியவையாக, இதற்குமுன் எங்கும் காட்சிக்கு வைக்கப்படாதவையாக இருக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கண்காட்சி முடியும்வரை எந்தப் படத்தையும் இறக்கக் கூடாது. கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எதையும் தேதி போட்டு எடுத்து வைப்பது என் பழக்கம். மழை பெய்த நாள், கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், படித்து முடித்த புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் நோட்டில் ஒரு வரி உண்டு. மூன்றாவது நிபந்தனைக்குக் கீழே அன்றைக்கே பென்சிலால் ‘ஏன்?’ என்று எழுதியிருக்கிறேன். யாரிடமும் கேட்கவில்லை. அப்போது என் பயம் வேறொன்றைப் பற்றியதாக இருந்தது.

என் மனைவி ஓவியர். திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக வேலை பார்த்து, படம் வரைய நேரம் வேண்டும் என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள். அந்த ஆண்டு சித்திரையில் அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் காட்டிக்கொடுத்தது காபிதான். டவராவுக்குள் டம்ளர் கிணுகிணுத்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். மதுரையில் நரம்பு மருத்துவர் அவளைச் சுருள்கோடு ஒன்று வரையச் சொன்னார். எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்தவள், அந்தச் சுருளை முடிக்காமலே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மருந்தில் கொஞ்சம் மட்டுப்படும், பழைய கை திரும்பும் என்று மட்டும் நினைக்க வேண்டாம் என்றார் மருத்துவர்.

திரும்பி வரும் பஸ் வாடிப்பட்டியைத் தாண்டியது. அவள் சொன்னாள்:

“இத யார்ட்டயும் சொல்லிராதீங்க. கை நடுங்குறவ வரஞ்ச படம்னு தெரிஞ்சா, எவனும் படத்தப் பாக்க மாட்டான். எங்க கோணியிருக்குன்னுதான் தேடுவான்.”

அப்போது ஐந்து படங்கள் முடிந்திருந்தன. ஆறாவதை ஆடி, ஆவணி முழுக்க, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முடித்தாள். முடித்த அன்று தூரிகைகளைக் கழுவி, துடைத்து, பழைய புடவைத் துணியில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். இனி எடுக்கப் போவதில்லை என்பது அவள் வைத்த விதத்திலேயே தெரிந்தது. அந்த ஆறு படங்களோடு சரி, ஏழாவது கிடையாது.

ஆறிலும் வரைந்திருந்தது நீலத் தார்ப்பாய்களை. பூ மார்க்கெட்டில் வியாபாரம் முடிந்தபின் சுருட்டாமல் கிடக்கும் தார்ப்பாய், குஜிலியம்பாறைப் பக்கம் களத்தில் சோளத்தின் மேல் கல் வைத்து விரித்த தார்ப்பாய், கல்யாணப் பந்தலில் காற்றுக்கு உப்பிய தார்ப்பாய். எதிலும் மனிதர் இல்லை. மடிப்பும் கிழிசலும் தேங்கிய தண்ணீரும்தான். பெரிய படத்தில், ஒரு வெங்காயக் குவியலை முழுக்க மூடிய தார்ப்பாய். அருகில் நின்று பார்த்தால் உள்ளே இருப்பது வெங்காயம்தானா என்று சந்தேகம் வந்துவிடும். எனக்கு அந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கக் கொஞ்சம் பயம்.

துணிக்கு அவள் பூசிய அடிப்பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் கேன்வாஸில் பிளாஸ்டிக் பூச்சுதான் இருக்கும். அவளுக்கு அது பிடிக்காது. அந்தக் கால ஐரோப்பிய ஓவியர்கள் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைத்தான் துணிக்குப் பூசினார்கள் என்று எங்கோ படித்திருந்தாள். அதே பசையை நம் ஊரில் தச்சர்கள் வச்சிரம் என்பார்கள். “தோல் பதனிடுற ஊர்ல குடியிருந்துக்கிட்டு பிளாஸ்டிக்கப் பூசணுமாக்கும்?” என்று, சின்னாளப்பட்டியிலிருந்து காடாத்துணி வாங்கி வந்து, சட்டத்தில் இழுத்து அடித்து, வச்சிரத்தை வெந்நீரில் உருக்கிச் சுண்ணாம்புத் தூள் கலந்து மெல்லிசாகப் பூசினாள். வீடு வாரக்கணக்கில் நாறியது. ஆனால் அந்தத் துணியில் அவளுடைய நீலம் நின்ற மாதிரி வேறெதிலும் நின்று நான் பார்த்ததில்லை.

காட்சிக்கூடம் பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. தோல் வியாபாரக் குடும்பத்துப் பாய் ஒருவர், சும்மா கிடந்த பழைய சரக்குக் கிட்டங்கியை இடித்துக் கட்டாமல், வெள்ளையடித்து விளக்குப் போட்டு ஓவியம் விற்கும் கடையாக்கியிருந்தார். புது வீடு, ஹோட்டல், டாக்டர்களின் கிளினிக் என்று அவருக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். “டைல்ஸுக்கு அம்புட்டு செலவழிக்கிறவன், செவுத்துக்கு ஒரு படம் வாங்க மாட்டானா சார்? வாங்குவான். நாமதான் ஆசையக் காட்டணும்” என்பார். அவருடைய ரசனையை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். என் மனைவியின் தார்ப்பாய்களை முதல்முறை அவர் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். வெகுநேரம் கழித்து, “டீச்சர், இத நான் விக்கிறேன்” என்றார். அவ்வளவுதான்.

இருவர் கண்காட்சி அது. இன்னொருவர் நெய்க்காரப்பட்டிக்காரர், முப்பது முப்பத்தைந்து வயது. வெள்ளை ஈப் பூச்சி விழுந்து கறுத்துப்போன தென்னை ஓலைகளை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார். புதன்கிழமை படங்களைத் தொங்கவிட நாங்கள் போனபோது மழை முந்திய நாளே தொடங்கியிருந்தது. மேலே சுவரோரம் ஓடிய இரும்புப் பட்டையிலிருந்து கம்பிகள் இறங்கின. அவற்றில் படங்களை மாட்டியதும் அவை சுவரோடு சுவராகப் படிந்து நின்றன. நெய்க்காரப்பட்டிக்காரர் எங்கள் படம் ஒன்றைத் தூக்கும்போது மூக்கை உறிஞ்சினார்.

“ஏனுங்க டீச்சரக்கா, உங்க படத்துல ஆட்டுக்கால் சூப்பு வாசம் அடிக்குதுங்க.”

“பசிச்சா நக்கிப் பாரு” என்றாள் இவள். கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

பாய் டீ வரவழைத்தார். வெள்ளைச் சுவர்களைப் பெருமையாகப் பார்த்தபடி, “எங்க அத்தா காலத்துல இதுக்குள்ள நிக்க முடியாது சார். பச்சைத் தோல அடுக்கி, உப்புக் கொட்டி, உப்புக் கொட்டி, செவுரு ஓரமா ஆளு ஒசரத்துக்கு நிக்கும். தண்ணியா வடியும். இப்பப் பாருங்க” என்றார்.

இதை அன்று மாலை நோட்டில் எழுதிவைத்தேன், உள்ளூர் வரலாறு என்ற தலைப்பில். எழுதும்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை திறப்பு. மழை விடவே இல்லை. குடையோடு வந்தவர்கள் வாசலில் குடைகளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். நான் என் மனைவியின் வலப்பக்கத்தை விட்டு நகரவில்லை. டீ வந்தால் அவள் கப்பையும் நானே வாங்கினேன். யாராவது கை கொடுக்க வந்தால் நான் முந்திக்கொண்டு கும்பிட்டேன். அவளுடைய பழைய மாணவி ஒருத்தி, “சார் என்ன டீச்சருக்குப் பாடிகார்டா?” என்று கேட்டுச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒருவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். புது வீடு கட்டியிருந்தார்கள். பெரிய படத்தின் முன் அந்த மனிதர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“இது நம்ம மண்டித் தார்ப்பாயுங்க” என்றார் என்னிடம்.

“இல்லைங்க, இது திண்டுக்கல்லில்...”

“அட, இல்லீங்க. இந்தக் கிழிசலு எனக்குத் தெரியாதுங்களா? லாரிக் கொக்கி மாட்டுனா இப்பிடித்தான் கிழியும்.”

அவர் மனைவி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “மழைன்னா எல்லாத்தையும் போட்டுட்டு இதத்தானுங்க இழுத்துட்டு ஓடுவோம். இத ஒரு படமா யாரும் வரைவாங்கன்னு நெனைக்கலீங்க” என்றார்.

வாங்குவது என்று முடிவானது. பாய் முகம் மலர்ந்தது. அப்போதுதான் மண்டிக்காரர் குனிந்து படத்தின் மூலையைத் தேடினார்.

“கையெழுத்தக் காணோமுங்களே?”

அவள் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ஆறாவது படத்தை முடித்தபின் ஆறுக்கும் சேர்த்துப் போடலாம் என்று வைத்திருந்தாள்; முடித்தபோது போட முடியவில்லை.

“எங்க கண்ணு முன்னால போட்டுக் குடுத்துருங்க டீச்சர். பசங்க போனுல படம் புடிச்சுக்குவாங்க” என்றார் மண்டிக்காரர்.

பாய் உற்சாகமாகத் தூரிகை தேடப் போனார். நான் என் மனைவியைப் பார்த்தேன். முந்தானைக்குள் இருந்த கை துணியோடு சேர்ந்து ஆடுவது எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவள் குரல் மட்டும் வகுப்பறைக் குரலாக, திடமாக வந்தது.

“முன்னால வேணாங்க. படம் கெட்டுரும். பின்னால போட்டுத் தாரேன். செத்த நேரம் இருங்க, தனியா இறக்கிப் போட்டுட்டுக் கூப்புடுறேன்.”

பின்பக்கத்துக் கையெழுத்தை யார் அவ்வளவு உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் அவள் கணக்கு. மண்டிக்காரரும் மனைவியும் பிரியாணி வைத்திருந்த முன்னறைக்குப் போனார்கள். நானும் நெய்க்காரப்பட்டிக்காரரும் கம்பியிலிருந்து படத்தைக் கழற்றித் திருப்பினோம்.

பின்பக்கத்தின் கீழ்ப்பாதி கறுத்திருந்தது. நெய்க்காரப்பட்டிக்காரர் தொட்டுப் பார்த்தார். “ஈரமுங்க.”

படம் தொங்கிய இடத்தில் சுவரின் புதுப் பெயிண்ட் கொப்பளங்களாக எழும்பியிருந்தது. ஒரு கொப்பளத்தை விரலால் அழுத்தினேன். உள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. காரை பொலபொலவென்று உதிர்ந்தது. விரலில் வெள்ளைத் தூள். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, நாக்கில் வைத்தேன். உப்பு.

ஆணி ஏன் அடிக்கக் கூடாது என்பதற்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. பல்லாண்டுகள் தோல் உப்பைக் குடித்த சுவர் அது; ஆணி இறங்கினால் காரை உதிர்ந்து குட்டு வெளிப்பட்டுவிடும். கோடையில் பேசாமல் இருக்கும். மழை வந்தால் காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வேர்க்கும். அந்தச் சுவரில், ஈரம் பட்டால் இளகும் வச்சிரத்தை, ஈரம் பட்டால் சுருங்கும் காடாத்துணியில் பூசி, புதனிலிருந்து சனிவரை ஒட்டவைத்திருக்கிறோம். நெய்க்காரப்பட்டிக்காரரின் ஓலைகள் கடைக் கேன்வாஸில், பிளாஸ்டிக் பூச்சின் மேல் இருந்தன; அவற்றுக்குக் கவலையில்லை.

என் மனைவி படத்தை மெதுவாகத் திருப்பச் சொன்னாள். முன்பக்கம் கீழோரத்தில், வெங்காயக் குவியலின் அடியில், நீலம் ஆறிய பாலின் ஆடை மாதிரி சுருங்கி எழும்பியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகம் அளவுக்கு ஒரு செதில் பெயர்ந்து தரையில் விழுந்தது. சத்தம் எதுவும் இல்லை. அவள் அதை எடுக்கக் குனிந்தாள். கை ஆடியதில் செதில் இரண்டாக ஒடிந்தது.

“மத்ததையும் இறக்குங்க” என்றாள்.

அதற்குள் பாய் வந்துவிட்டார். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துகொண்டார். அவர் முகத்திலும் அதே பயத்தைப் பார்த்தேன். எங்களுக்கு ஆறு படங்கள் என்றால் அவருக்கு நான்கு சுவர்கள்.

“டீச்சர், மெதுவா. ஆளுங்க இருக்காங்க” என்றார் கிசுகிசுப்பாக. “இப்ப இறக்குனா என்னமோ ஆயிப்போச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுரும். நாலாவது கண்டிஷன் எதுக்குப் போட்டேன்? நாளைக்குச் சாயங்காலத்தோட முடியுது. துடைச்சு மாட்டுவோம். இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் ஆகாது.”

“நாளைக்குள்ள படம் போயிரும் பாய்.”

“போனா இன்னொண்ணு வரஞ்சுக்கலாமே டீச்சர்! உங்களுக்குத் தெரியாததா?”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் முந்தானையை விலக்கி, வலது கையை அவர் முன்னால் நீட்டினாள். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்த அந்த வெளிச்சத்தில் கை தன்பாட்டுக்கு ஆடியது. பாய் பார்த்தார். நெய்க்காரப்பட்டிக்காரரும் பார்த்தார். பாய்தான் முதலில் அடுத்த படத்தின் கம்பியில் கை வைத்தார்.

ஆறையும் முன்னறைத் தரையில், பேப்பர் விரித்து, முகம் மேலே பார்க்கக் கிடத்தினோம். அங்கிருந்த பத்துப் பதினைந்து பேர் தட்டுகளோடு ஒதுங்கி நின்றார்கள். யாரோ நல்ல மனதோடு மின்விசிறியை முழு வேகத்தில் போட்டார். எழும்பியிருந்த செதில்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் சிலிர்த்தன.

“ஃபேன நிறுத்துங்க!” என்று கத்தினாள். அப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை. “யாரும் நடக்காதீங்க. அப்படியே நில்லுங்க.”

எல்லோரும் அப்படியே நின்றார்கள். விசிறி தானாக ஓய்ந்து நிற்கும்வரை அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தோம். பந்தல் படத்திலிருந்து செதில்கள் காற்றோடு நகர்ந்து, பேப்பரில் உரசி, பிரியாணித் தட்டு ஒன்றின் அடியில் போய் நின்றன. அந்தப் படம் அங்கேயே போய்விட்டது.

பசை எடுத்து வர ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனேன். அந்த மழையில், ரவுண்டு ரோட்டில் தண்ணீர் ஓடியதில், விழுந்துவிடுவேனோ என்று எனக்குத் தோன்றவில்லை. நான் திரும்புவதற்குள் யாராவது தும்மிவிடுவார்களோ என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது முன்னறை அமைதியாக இருந்தது. கூட்டம் சுவரோரமாகவே நழுவிப் போயிருந்தது. மண்டிக்காரரும் மனைவியும் மட்டும் வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலிகளில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்கள், தரை அதிரக் கூடாது என்று.

வச்சிரத்தை வெந்நீரில் இளக்கினோம். ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் மெல்லிய தூரிகையால் பசையை விட்டு, மேலே வெண்ணெய்த்தாள் வைத்து, பஞ்சால் ஒத்தி எடுக்க வேண்டும். என் விரல்கள் தடிமன், எழுதத்தான் ஆகும். நெய்க்காரப்பட்டிக்காரர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். என் மனைவி பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“அழுத்தாத. ஒத்து. பூ மேல ஈ உக்காருற மாதிரி.”

“வெள்ளை ஈங்களா டீச்சரக்கா?”

“பேசாதடா. உன் மூச்சுல பறந்துரும்.”

ஐந்து படங்கள் படிந்தன. படிந்தன என்று சொல்வதற்கே பயமாக இருக்கிறது, பார்வைக்குப் படிந்தன. பெரிய படத்தில் வெங்காயத்துக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு வெறும் துணி தெரிந்தது. ஒடிந்துபோன செதில் பொருந்தவில்லை.

அவள் எழுந்து மண்டிக்காரரிடம் போனாள். “இத நீங்க வாங்க வேணாங்க. இன்னைக்கு ஒட்டியிருக்கு. நாளைக்கு நிக்குமான்னு எனக்குத் தெரியாது. விழுந்தா திரும்ப வரைய என்னால ஆகாது” என்று கையைக் காட்டினாள். ஒரே மாலையில் இரண்டாவது தடவை.

மண்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் பெரிய படத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க தார்ப்பாய் எதுதானுங்க ஓட்டையில்லாம இருக்குது? நாங்க வாங்குறமுங்க. நீங்க மட்டும் கையெழுத்த மறக்காம போட்டுருங்க.”

பின்பக்கம் ஈரம். மை நிற்காது. முன்பக்கம்தான் போட வேண்டியிருந்தது. பாய் கொண்டுவந்த தூரிகையை வாங்கி, நான் கொடுத்த தோளைப் பிடித்துக்கொண்டு, கீழ்மூலையில், துணி வெறுமையாகத் தெரிந்த இடத்துக்குச் சற்று மேலே போட்டாள். ஒவ்வொரு எழுத்தும் நெளிந்தது. மண்டிக்காரர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“ஆர்ட்டிஸ்டுக கையெழுத்து இப்பிடித்தான் இருக்கும்போலுங்க” என்றார்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாய் அந்தச் சுவர்களின் காரையைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்துவிட்டார். உப்பு நிற்கவில்லை என்கிறார்கள். நான்கு படங்கள் எங்கள் வீட்டில், சுவரில் படாமல், சட்டத்துக்குப் பின்னால் மரக்கட்டை கொடுத்துத் தொங்குகின்றன. காலையில் எழுந்ததும் அவற்றின் கீழே தரையைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. நீலமாக எதுவும் கிடந்தால் முதலில் நான்தான் பார்க்க வேண்டும். இதுவரை ஒருமுறை கிடந்தது. அது அவளுடைய புடவையிலிருந்து விழுந்த ஜிகினா.

பெரிய படம் ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறது. ஈரமில்லாத சுவராகப் பார்த்து மாட்டும்படியும் பின்னால் கட்டை வைக்கும்படியும் எழுதிக் கொடுத்தோம். மாதம் ஒருமுறை ஏதாவது சாக்கு வைத்துப் போன் செய்கிறேன். “ஜம்முனு இருக்குதுங்க” என்கிறார் மண்டிக்காரர். கீழே தரையில் ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று கேட்டால், “வேலைக்கார அம்மா தெனமும் கூட்டிருதுங்க” என்கிறார். போன மாதம், படம் ஹாலில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்டேன். நுழைந்ததும் எதிரில் தெரியும் சுவர் என்றார். அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன அறை என்று கேட்டேன். பூசையறை என்றார் அவர். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, “இல்லீங்க, அந்தப் பக்கம் பாத்ரூமு” என்பது போனில் கேட்டது. அதற்குள் மண்டியில் யாரோ கூப்பிட, இணைப்பு துண்டிக்கப்பட்டது.

என் மனைவியிடம் இதை நான் சொல்லவில்லை. இருவரில் யார் சொன்னது சரி என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.